பத்திரமாக எடுத்து வைத்தது

எங்கள் குடும்பத்தில் யார் வெளிநாட்டுக்குக் கிளம்பினாலும் பெட்டி கட்டுவது என் வேலை. யாரும் கூப்பிட்டுக் கொடுத்த வேலை இல்லை. கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில் என் மச்சினர் துபாய்க்குப் புறப்பட்டார். எலுமிச்சை ஊறுகாயை எண்ணெய் கசியாமல் எப்படிக் கொண்டுபோவது என்று வீடே கூடி முழித்துக்கொண்டிருந்தது. மூடிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் காகிதத்தைப் போட்டுத் திருகினால் கசியாது என்று நான் வாயைத் திறந்து தொலைத்தேன். அன்று பிடித்த சனி இன்றுவரை விடவில்லை. நாத்தனார் பிள்ளைகள், ஓர்ப்படியின் தம்பி, எதிர் வீட்டு மலையாளிக் குடும்பம், அவர்களுடைய மருமகன் என்று கடல் கடந்து போன பெட்டிகளெல்லாம் என் முழங்காலுக்கு அடியில் நசுங்கித்தான் மூடின. நான் மட்டும் பழனி, குருவாயூருக்கு அப்பால் போனதில்லை.

பெட்டி கட்டிக் கட்டி எனக்கு ஒரு விஷயம் புரிந்திருக்கிறது. அவசரத்தில் அள்ளிப் போட்ட சாமான் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். பத்திரமாக எடுத்து வைத்ததுதான் வீட்டிலேயே தங்கிவிடும். மச்சினர் பெட்டியைப் பூட்டிவிட்டு, சாவி தொலையாமல் இருக்கட்டும் என்று அரிசி டின்னுக்கு மேலே வைத்துவிட்டுப் போனார். அங்கே போய்ப் பூட்டை உடைத்தார். எதிர் வீட்டுப் பெண் அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது, இறங்கினதும் குளிரும், கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று கம்பளிச் சட்டையைத் தனியாக எடுத்து நாற்காலி முதுகில் மாட்டினாள். அது இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. கொச்சியின் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொள்ள ஆள் இல்லை. சர்க்கரை மாத்திரையை மாதக்கணக்கில் வாங்கிக்கொண்ட ஒருவர் டாக்டர் சீட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டவைத்த இடத்திலேயே விட்டுவிட்டார். மூக்குக் கண்ணாடி அன்றைய பேப்பருக்குள் மடிந்து கிடக்கும். அந்த ஊர்ச் சுவரில் மூன்று சதுர ஓட்டைதான் இருக்கும் என்று சொல்லி, அதற்கென்று வாங்கி வைத்த பிளக், வாங்கின கடைப் பையோடு ஆணியில் தொங்கும். எல்லாவற்றையும் மறுநாள் கண்டுபிடிப்பவள் நான். போன் வரும்போது, "ஆமாம், இங்கேதான் இருக்கு" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கத்தில் யாரும் தன் சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு கப்பலோ விமானமோ ஏற முடியாது. டிக்கெட் எடுத்த செய்தி தெருவுக்கு எப்படித்தான் தெரியுமோ, ஒவ்வொருவராக வருவார்கள். "ஒண்ணுமில்லை, ஒரு சின்னப் பொதி. என் பையன் வந்து வாங்கிப்பான்" என்பார்கள். சின்னப் பொதியில் நேந்திரங்காய் வறுவல், பலாப்பழத்தைக் கிண்டின சக்கைவரட்டி, மேல்வலிக்குத் தேய்க்கும் காயத்திருமேனி எண்ணெய், புட்டுக் குழாய் எல்லாம் இருக்கும். மாட்டேன் என்று சொன்னால் தலைக்கனம் என்று பேர் வரும். எடை கூடிப்போனால், போகிறவன் தன் சட்டையை எடுத்து வெளியே வைப்பானே தவிர, அடுத்தவர் வறுவலில் கை வைக்க மாட்டான். நானும் மசாலாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று மட்டும் மோந்து பார்த்துவிட்டு, மற்றதையெல்லாம் உள்ளே திணித்திருக்கிறேன். கசகசாவோடு வளைகுடா நாட்டில் இறங்கினால் நேரே போலீஸ் வண்டிதான்.

போன மழைக்காலத்தில் என் முறை வந்தது. மஸ்கட்டில் இருக்கும் என் ஒரே பெண்ணுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. மாப்பிள்ளை எண்ணெய்க் கப்பலில் வேலை பார்க்கிறவர். அவர் நடுக்கடலில் இருந்தார், கரைக்கு வர வழியில்லை. நாள் இருக்கிறது என்று சாவகாசமாக நான் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது, குழந்தை இறங்கிவிட்டது, எந்த நாளும் ஆகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று அவள் போனில் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை. "அம்மா, எனக்குப் பயமா இருக்கு. நீ வந்துடு" என்று மட்டும் சொன்னாள். கிடைத்தது ஒரே ஒரு இடம். அதை விட்டால் அந்த வாரம் முழுக்க வேறு விமானத்தில் இடமில்லை.

என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டேன். "ஒண்ணும் வேண்டா. எல்லாம் இங்கே கடையில கிடைக்கும். அப்பாவோட பழைய வேஷ்டி ரெண்டு கொண்டுவா, அது மதி, போதும். பழசு மட்டும்தான் இங்கே கிடைக்காது" என்றாள். பிறந்த குழந்தையின் மேல் புதுத் துணி படக்கூடாது, துவைத்துத் துவைத்துப் பூவாய்ப் போன பழந்துணியில்தான் சுற்ற வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அவளையும் அப்படித்தான் சுற்றினோம். அன்றைக்கே இரண்டு வேஷ்டியை எடுத்து வெந்நீரில் போட்டு அலசினேன். விடாத மழை. பின்கட்டுக் கொடியில் போட்டு, ஈரம் போகட்டும், கடைசியில் பெட்டிக்கு மேலாக வைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அதற்குப் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரசவ லேகியம், பூண்டுப் பொடி, வசம்பு, உரைமருந்து. இடப்பள்ளிக்குப் போய்க் குழந்தைக்குத் தொப்பி, காலுறை, படுக்கை விரிப்பு. நான் இல்லாத மாதங்களுக்கு இவருக்குச் சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, எந்த டப்பாவில் எது என்று பேர் எழுதி ஒட்டல். இவர் மிளகுக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வலது முழங்கால் போய்விட்டது. மாடிப்படி ஏற மாட்டார், ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கத் தெரியாது. நடுநடுவே பொதிகள் வந்தவண்ணம் இருந்தன. மஸ்கட்டில் இத்தனை பேர் பிள்ளைகள் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. இத்தனை வருஷம் எல்லோருக்கும் கட்டினேனே, எனக்கு ஒருவராவது வந்து பெட்டியின் ஒரு பக்கத்தை அமுக்கிப் பிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். வந்தவர்களெல்லாம் கையில் ஒரு பையோடுதான் வந்தார்கள். கோபம் வந்தது. கோபப்படவும் தெம்பில்லை. என் புடவைகளில் பாதியை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தேன்.

பயணம் கிளம்பும்போது எங்கள் வீட்டில் இரண்டு நியமம். இரண்டையும் இத்தனை நாள் காவல் காத்தவள் நான்தான். முதலாவது, பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் முந்தின நாளே ஸ்வாமி அலமாரியில் ஏறிவிட வேண்டும். காலையில் விளக்கேற்றி, குங்குமம் வைத்து, நமஸ்காரம் பண்ணி எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, வாசற்படி இறங்கினவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது, எப்போது வருவாய் என்று கேட்கக்கூடாது. மச்சினர் ஒருதரம் கிளம்பினபோது இவர் "டேய், குடை" என்று பின்னாலிருந்து கத்தினார். மச்சினர் அந்தத் தடவை விசாவில் ஏதோ கோளாறு என்று விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்தார். அதற்காக இவரை நான் திட்டின திட்டு தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அப்புறம் இவர் யாரையும் பின்னாலிருந்து கூப்பிட்டதே இல்லை.

கிளம்பின அன்று காலை விளக்கேற்றினேன். டிக்கெட்டை உள்ளே செருகின பாஸ்போர்ட்டுக்குக் குங்குமம் வைத்தேன். நமஸ்காரம் பண்ணி எழுந்திருக்கும்போது வாசலில் குரல். பக்கத்துத் தெரு மாமி, கடைசிப் பொதியோடு நின்றாள். பலாப்பழ ஜாம். மூடி சரியில்லை. உட்கார்ந்து அதற்குப் பிளாஸ்டிக் போட்டுத் திருகி, கைப்பையில் விடமாட்டார்கள் என்பதால் கட்டின பெட்டியின் கயிற்றை அவிழ்த்து உள்ளே வைத்து, திரும்பக் கட்டினேன். டிரைவர் ஹார்ன் அடித்தார். வலது காலை எடுத்து வைத்துத் திரும்பிப் பாராமல் இறங்கி வண்டியில் ஏறினேன். எத்தனை ஒழுங்கு பாருங்கள்.

மட்டாஞ்சேரிச் சந்துகளில் வண்டி நகராது. கோடியில் ஒரு லாரி குறுக்கே நின்று இஞ்சி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. பூஜைக்காகச் சத்தத்தை நிறுத்தி வைத்த போன் பைக்குள் கிடந்தது. அதை மறுபடி சத்தம் வர வைக்கத் தோன்றவில்லை. லாரி விலகினதும் தோப்பும்படிப் பாலம் ஏறி, வைட்டிலா வழியாகப் போனோம். மழையும் நெரிசலும். இடப்பள்ளியில் நாத்தனார் மகள் ஒரு பையோடு நிற்பதாக ஏற்பாடு. அதுவும் பொதிதான். அவளுக்காக நின்றபோது, எதற்கும் பார்த்துக்கொள்வோம் என்று கைப்பையைத் திறந்தேன்.

மாத்திரை இருந்தது. டாக்டர் சீட்டு இருந்தது. சதுர முள் பிளக், கண்ணாடி, பேனா, பெண்ணின் விலாசம், பெட்டிச் சாவி எல்லாம் இருந்தன. மற்றவர்கள் மறந்ததில் ஒன்றைக்கூட நான் மறக்கவில்லை. பாஸ்போர்ட் இல்லை.

ஒரு நொடியும் தேட வேண்டியிருக்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று கண்முன்னே தெரிந்தது. குருவாயூரப்பன் படத்துக்குக் கீழே, நெற்றியில் குங்குமத்தோடு. டிரைவர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்தா சேச்சி, திரிச்சு போணோ?" என்றார். திரும்பிப் போய் மறுபடி வருவதென்றால் விமானம் போய்விடும். போகாவிட்டாலும் போய்விடும். மஸ்கட்டில் என் பெண் தனியாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சிதான் வந்தது. ஜாம் பாட்டிலைத் தூக்கி ரோட்டில் போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது.

போனை எடுத்தால் திரை முழுக்க இவர் கூப்பிட்ட அடையாளம். திரும்பக் கூப்பிட்டேன். காற்றும் மோட்டார் சத்தமுமாக இரைந்தது.

"எங்கே இருக்கேள்?"

"ஜங்கார்ல. பாஸ்போர்ட் என் கையிலதான் இருக்கு, கேட்டயா? நீ நேரே போ. திரும்பாதே."

ஜங்கார் என்பது போர்ட் கொச்சியிலிருந்து ஆட்டோ, கார் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அக்கரை வைப்பினுக்குப் போகும் படகு. அங்கே இறங்கினால் வல்லார்பாடம் கன்டெய்னர் சாலை வழியாக ஊர் நெரிசலைத் தொடாமல், விமான நிலையத்துக்கு வழியில் இருக்கும் களமசேரிக்குப் போய்விடலாம். இவர் மூளையில் இது உதித்ததை என்னால் நம்ப முடியவில்லை. கால் போனதிலிருந்து இவர் தெருமுனைச் சாயாக்கடையைத் தாண்டினதில்லை. ஆட்டோ எங்கேயாவது நின்றுபோனால்? அந்த முழங்காலோடு இறங்கி நடக்க வேண்டி வந்தால்? டிரைவரிடம் நேரே போகச் சொன்னேன். நாத்தனார் மகள் பையோடு ஓடி வருவதைப் பார்த்தும் நிற்கச் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொதியை விட்டுவிட்டுப் போனேன். ஆலுவா வரும்வரை நான் எந்த ஸ்லோகமும் சொல்லவில்லை. அதற்கும் சக்தி இல்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, கிடைத்தால் கிடைக்கட்டும், போனால் போகட்டும் என்று சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆனால் போனால் போகட்டும் என்று மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

நெடும்பாசேரி விமான நிலையத்தின் புறப்பாட்டு வாசலில் வண்டி நின்றபோது, இவர் எனக்கு முன்னாலேயே வந்து, தள்ளுவண்டிகளுக்குப் பக்கத்தில் என் எதிரே நின்றார். வீட்டில் கட்டும் நாலு முழ வேஷ்டி, மேலே பித்தான் மாற்றிப் போட்ட சட்டை, காலில் குளியலறைச் செருப்பு. ஒரு கையில் தூணைப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் பாஸ்போர்ட், கக்கத்தில் ஒரு மஞ்சள் பை.

"எப்பப் பார்த்தேள்?"

"விளக்கைப் பார்க்கலாம்னு உள்ளே போனேன். அப்பவே பார்த்துட்டேன். எடுத்துண்டு வாசலுக்கு வந்தா உன் வண்டி லாரிக்குப் பின்னால நிக்கறது."

"நின்னுதோன்னோ? ஒரு குரல் கொடுத்திருக்கப்படாதா?"

"பின்னாலேர்ந்து கூப்பிடப்படாதுன்னு நீதானே சொல்லுவே" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார். "குறுக்குச் சந்தால முன்னால வந்து நிக்கலாம்னு பார்த்தேன். இந்தக் காலை வெச்சுண்டு வரதுக்குள்ள லாரி போயிடுத்து. போன் பண்ணினா நீ எடுக்கலை. திரும்பி வந்து கொடியிலேர்ந்து சட்டையை உருவி மாட்டிண்டேன். அப்பறம் எப்படியாவது உனக்கு எதிரே வந்துடணும்னு..."

நடுத்தெருவில், இத்தனை பெரிய ஆபத்தைக் கையில் வைத்துக்கொண்டு, என் திட்டுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு நின்ற மனுஷனை என்ன சொல்வது? அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. பாஸ்போர்ட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். "மாத்திரை சாப்பிட்டேளா?" என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வாசல் காவலரிடம் காட்டி உள்ளே நுழைந்தேன். நுழைந்து நாலு எட்டு வைத்திருக்க மாட்டேன்.

"ஏய்!"

வாசலில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பின்னாலிருந்து இவர் கூப்பிடுகிறார். இத்தனை பாடுபட்டு எதிரே வந்து நின்றவர், கடைசியில் இப்படியா? திரும்பி முறைத்தேன். இவர் மஞ்சள் பையைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"இதை விட்டுட்டுப் போறியே! அவ கேட்டது இது ஒண்ணுதானே!"

உள்ளே போனவர் வெளியே வரக்கூடாது, வெளியே இருப்பவர் உள்ளே வரக்கூடாது. காவலர் பையை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் கொடுத்தார். அதில் இரண்டு பழைய வேஷ்டிகள் இருந்தன. கொடியில் காய்ந்துகொண்டிருந்தவை.

சோதனையெல்லாம் முடிந்து விமானத்துக்குக் காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்ததும்தான் அவற்றை எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் கரை இல்லை. ஜரிகைக் கரையை நீளத்துக்கும் கையால் கிழித்து எடுத்திருந்தார். ஒரே கோணல். நூல்நூலாகத் தொங்கிற்று. போன் பண்ணினேன். வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் இருந்தார்.

"கரையை ஏன் கிழிச்சேள்?"

"ஜரிகை குழந்தைக்கு உறுத்துமோன்னோ? ஜங்கார்ல சும்மாதானே உக்காந்திருந்தேன்."

முக்கால்வாசி புதுசாக இரண்டு பெட்டி நிறையக் கட்டினவள் நான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வறுவல் எடுத்துக்கொண்டவள் நான். என் பெண் வாய்விட்டுக் கேட்ட ஒன்றைப் பின்கட்டில் தொங்கவிட்டு வந்திருந்தேன். பாஸ்போர்ட் போகட்டும், அது இல்லையென்றால் வழியிலேயே தெரிந்துவிடும். இது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்திருக்கும். அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு, யார் பார்த்தாலும் சரி என்று அழுதேன். ரொம்ப நாள் களைப்பு அது.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் அவளுக்கு வலி கண்டது. பேத்தி பிறந்தாள். தாதி குழந்தையைத் துடைத்து, துணி கொடுங்கள் என்று கை நீட்டியபோது கொடுத்தேன். சுற்றி வாங்கிக்கொண்ட என் பெண், குழந்தையின் முகத்துக்கு அப்புறம் துணியின் ஓரத்தைத்தான் பார்த்தாள்.

"இது யார் கிழிச்சா? இவ்வளவு கோணலா?"

"உன் அப்பாதான்."

அந்தக் கோணல் ஓரத்தை எடுத்துக் குழந்தையின் கன்னத்தில் மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். உறுத்தவில்லை.